பல்லி சொல்லாத பலன்: ஊர்வனவற்றின் பால் குரோமோசோம்கள்

முன்னுரை

சுவரில் பல்லி கத்தினால் எங்கள் பாட்டி பேச்சை நிறுத்திவிடுவார். விரல் நுனியால் தரையை மூன்று முறை தட்டி, "பாத்தியா, பல்லியே சொல்லுது" என்பார். எந்தத் திசையிலிருந்து சொன்னால் என்ன பலன், தலையில் விழுந்தால் என்ன, தோளில் விழுந்தால் என்ன என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சுங்கை காடுட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்து வீட்டில் வளர்ந்த எனக்குப் பல்லி வீட்டில் ஒரு ஆள் மாதிரி.

அம்மா என்னைச் சுமந்திருந்தபோதும் பல்லி நல்ல திசையில்தான் சொன்னதாம். இந்த முறை ஆண் பிள்ளைதான் என்று பாட்டி அடித்துச் சொன்னாராம். பிறந்தவள் நான், வீட்டின் மூன்றாவது பெண்.

"மூணாவதும் பொட்டப் புள்ளதானா? இவ வயித்துல ஆம்பளப் புள்ள தங்காது போல." இந்தச் சொல்லை அம்மா பல ஆண்டுகள் கேட்டார். பெரட்டுக் களத்தில் கேட்டார், கோயில் திருவிழாவில் கேட்டார், என் காதுகுத்து விசேஷத்திலும் கேட்டார். ஒரு முறைகூட அவர் பதில் சொன்னதில்லை.

ஐந்தாம் படிவத்து உயிரியல் பாடத்தில் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது, அந்தப் பல்லியிடமே அதைவிடப் பெரிய பதில் ஒன்று இருப்பது தெரிந்தது. ஓர் உயிர் ஆணாவதும் பெண்ணாவதும் எப்படி முடிவாகிறது? அந்த முடிவைச் சுமக்கும் குரோமோசோம் எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் நாம் அன்றாடம் காணும் பல்லி, உடும்பு, பாம்பு ஆகியவற்றைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இக்கேள்விகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதரிடமிருந்து தொடங்குவோம்

மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், அதாவது 23 இணைகள் உள்ளன. அவற்றுள் 22 இணைகள் ஆண் பெண் இருவரிடமும் ஒரே மாதிரியானவை. எஞ்சிய ஓர் இணையே பால் குரோமோசோம்கள். பெண்ணிடம் இரண்டு எக்ஸ். ஆணிடம் ஓர் எக்ஸ், ஓர் ஒய்.

தாயின் கருமுட்டை எதுவானாலும் அதில் எக்ஸ்தான் இருக்கும். தந்தையின் விந்தணுக்களில் பாதி எக்ஸையும் பாதி ஒய்யையும் சுமக்கும். ஆகவே பிள்ளை ஆணா பெண்ணா என்பது எந்த விந்தணு முந்தியது என்பதைப் பொறுத்தது. என் அம்மாவின் வயிற்றுக்கு இதில் பங்கே இல்லை. அப்பாவும் தேர்ந்தெடுத்துச் செய்யவில்லை. அது சுண்டிவிட்ட காசு.

இந்த உண்மையின் முதல் தடயத்தை 1905ஆம் ஆண்டு நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் அறிவியலாளர், மாவில் வளரும் ஒரு வண்டினத்தில் கண்டார். பெண் வண்டின் செல்லில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண் வண்டிலோ 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. மனிதனின் ஒய் குரோமோசோமில் ஆண்மையைத் தொடக்கி வைக்கும் மரபணு 1990இல் அடையாளம் காணப்பட்டது.

மனிதனின் எக்ஸ் குரோமோசோமில் 800க்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டு. ஒய்யில் இருப்பதோ அதில் சிறு பங்குதான். ஓர் இணையில் இருக்கும் இரண்டில் ஒன்று மட்டும் ஏன் இப்படிக் குட்டையாகிப் போனது? இந்தக் கேள்விக்கு மனிதனை மட்டும் ஆராய்ந்தால் விடை எளிதில் கிடைக்காது. பாலூட்டிகளில் பெரும்பாலானவை இதே முறையை மிகப் பழங்காலத்திலிருந்து வைத்திருப்பதால், தொடக்க நிலையின் சுவடுகள் அழிந்துவிட்டன. ஊர்வனவற்றிடம் அந்தச் சுவடுகள் இன்றும் இருக்கின்றன.

தாய் முடிவு செய்யும் உலகம்

மழைக்குப் பின் தோட்டத்துக் கால்வாய் ஓரம் நாக்கை நீட்டியபடி நடந்து போகும் உடும்பைப் பார்த்திருப்பீர்கள். கோழிக் கூண்டுக்கு அது எதிரி. சில வீடுகளில் குழம்புக்கு அது விருந்து. உடும்பின் குடும்பத்தில் கணக்கு தலைகீழ். ஒரே மாதிரி இரண்டு குரோமோசோம்களைச் சுமப்பது ஆண். வேறுபட்ட இரண்டைச் சுமப்பது பெண். குழப்பம் வராமலிருக்க இவற்றுக்கு வேறு எழுத்துகளைத் தந்தனர் அறிவியலாளர். ஆண் என்றால் இசட் இசட். பெண் என்றால் இசட் டபிள்யூ.

இங்கே ஆணின் விந்தணுக்கள் எல்லாம் இசட்டையே சுமக்கும். தாயின் முட்டையில் இசட் இருந்தால் குஞ்சு ஆண். டபிள்யூ இருந்தால் பெண். பறவைகளும் இப்படித்தான். ஆகவே, கோழியும் உடும்பும் பேசத் தெரிந்தவையாக இருந்தால் அங்கே பாட்டிகளின் ஏச்சில் ஓரளவு நியாயம் இருக்கலாம். மனிதருக்கு அது துளியும் பொருந்தாது.

ஒரு குரோமோசோம் மூப்படைவது எப்படி?

பால் குரோமோசோம்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அவையும் ஒரு காலத்தில் மற்ற இணைகளைப் போலச் சரிசமமான ஓர் இணையாகவே இருந்தன. இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்துக் கிராணியாரின் மேசைக்குப் போவோம்.

கிராணியார் ஒரே வருகைப் பதிவேட்டை இரண்டு பிரதிகளாக எழுதி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மாதம் ஒரு முறை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார். ஒன்றில் பெயர் தவறியிருந்தால் மற்றதைப் பார்த்துச் சரிசெய்கிறார். இதனால் இரண்டு பிரதிகளும் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக இருக்கின்றன. குரோமோசோம் இணைகளும் முட்டையும் விந்தும் உருவாகும்போது பக்கத்தில் பக்கத்தில் நின்று துண்டுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. பழுதான பகுதியும் நல்ல பகுதியும் பிரிந்து போக அதனால் வழி ஏற்படுகிறது.

இப்போது ஒரு பிரதியில் மட்டும், ஒரு பக்கத்தில், "இவர் ஆண்" என்று முடிவு செய்யும் ஒரு வரி புதிதாக நுழைகிறது. அந்த வரி அடுத்த பிரதிக்குப் போய்விட்டால் குழப்பம். அதற்கு அருகில் ஆணுக்கு நன்மை தரும் வேறு வரிகளும் இருந்தால் அவை சேர்ந்தே இருப்பது நல்லது. இந்நிலையில் அந்தப் பகுதி தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. தலைகீழான பக்கத்தை மற்றதோடு ஒப்பிட முடியாது. பரிமாற்றம் நின்றுவிடுகிறது.

அன்றிலிருந்து தொடங்குகிறது மூப்பு. அந்தப் பக்கத்தில் விழும் பிழையைத் திருத்த ஆளில்லை. ஒரே சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வெற்றுக் குப்பை சேர்கிறது. பயனற்றுப் போன மரபணுக்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. பல இலட்சம், பல கோடி ஆண்டுகளில் அந்தப் பிரதி தேய்ந்து குட்டையாகிறது. ஆண் பக்கம் தேய்ந்தால் அது ஒய். பெண் பக்கம் தேய்ந்தால் அது டபிள்யூ.

காசியில் எண்ணப்பட்ட பாம்புகள்

இந்தத் தேய்மானத்தை நேரில் காட்ட ஓர் உயிரினக் கூட்டம் வேண்டும். அதில் இளமை, நடுவயது, முதுமை மூன்றும் இருக்க வேண்டும். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க அறிவியலாளர் சுசுமு ஓனோ, 1967இல் வெளியிட்ட நூலில் பாம்புகளையே அதற்குச் சான்றாக முன்வைத்தார். மலைப்பாம்புக் குடும்பங்களில் இசட்டும் டபிள்யூவும் வேறுபாடின்றி ஒரே அளவில் இருக்கின்றன. சாரைப்பாம்பு போன்றவற்றின் குடும்பத்தில் நடுநிலை. விரியன் குடும்பத்தில் டபிள்யூ குட்டையாகத் தேய்ந்துள்ளது. மூன்று படிகள் கொண்ட ஒரு படிக்கட்டு அது.

அதே காலத்தில் இந்தியாவில், காசியிலுள்ள பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் பேராசிரியர் எஸ். பி. ராய் சௌத்ரியும் அவருடைய மாணவர்களான லால்ஜி சிங், டி. ஷர்மா ஆகியோரும் இந்தியப் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தனர். செல் இரண்டாகப் பிரியுமுன் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னை நகலெடுத்துக்கொள்ளும். எது முன்னே எடுக்கிறது, எது பின்தங்குகிறது என்பதைக் கதிரியக்கக் குறியிட்ட வேதிப்பொருளைக் கொண்டு அவர்கள் கண்டறிந்தனர்.

1971இல் அவர்கள் வெளியிட்ட முடிவு முக்கியமானது. பார்வைக்கு இசட்டும் டபிள்யூவும் ஒரே அளவில் இருக்கும் சில பாம்புகளிலும்கூட நகலெடுக்கும் நேரம் மாறுபட்டது. அதாவது, உருவம் தேய்வதற்கு முன்பே நடத்தையில் பிரிவு தொடங்கிவிடுகிறது. ஒரே வீட்டில் வாழும் இரண்டு சகோதரர்கள் முதலில் பேச்சைக் குறைத்துக்கொள்வதும், பாகப்பிரிவினை பின்னால் வருவதும் போலத்தான் இதுவும்.

லால்ஜி சிங் அத்தோடு நிற்கவில்லை. மஞ்சளும் கருப்பும் பட்டைகளாகப் போட்ட கட்டுவிரியனை நம் நாட்டிலும் காணலாம். அப்பாம்பின் டி.என்.ஏ.வில், டபிள்யூ குரோமோசோமில் குவிந்து கிடக்கும் ஒரு பகுதியை எடின்பரோவில் அவர் ஆராய்ந்தார். நான்கெழுத்துத் தொடர் ஒன்றே அதில் மீண்டும் மீண்டும் வந்தது. மேலே சொன்னோமே, திருத்த ஆளில்லாத பக்கத்தில் சேரும் குப்பை என்று, அதுதான் இது. ஆனால் அந்தக் குப்பையே பின்னர் செல்வமாயிற்று. ஆளுக்கு ஆள் மாறுபடும் அதே மாதிரித் தொடர்கள் மனிதரிடமும் இருப்பதால், 1980களின் இறுதியில் ஹைதராபாத்தில் அவர் உருவாக்கிய டி.என்.ஏ. ரேகை முறைக்கு அந்தப் பாம்பின் துண்டே கருவியாயிற்று. இந்திய நீதிமன்றங்களில் தந்தை யார் என்று தீர்ப்பதற்கும் குற்றவாளியை அடையாளம் காண்பதற்கும் அது உதவியது.

படிக்கட்டின் முதல் படி

ஓனோவின் படிக்கட்டு ஐம்பது ஆண்டுகள் பாடநூல்களில் இருந்தது. அதில் ஓர் ஓட்டை இருந்ததைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. மலைப்பாம்பிடம் இசட்டும் டபிள்யூவும் ஒரே மாதிரி இருப்பதாகச் சொல்லப்பட்டதே தவிர, அவை இசட்டும் டபிள்யூவும்தானா என்று யாரும் நிரூபித்திருக்கவில்லை. மற்றப் பாம்புகளுக்கு அப்படி இருப்பதால் இதற்கும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

2017இல் டோனி கேம்பிளும் அவருடைய குழுவினரும் டி.என்.ஏ. வரிசையை நேரடியாகப் படித்து ஒரு பர்மிய மலைப்பாம்பு இனத்தையும் அமெரிக்கக் கண்டத்து போவா இனம் ஒன்றையும் சோதித்தனர். இரண்டிலும் இருந்தது எக்ஸ் ஒய் முறை! அதுவும் மலைப்பாம்பின் ஒய்யும் போவாவின் ஒய்யும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை அல்ல, தனித்தனியே தோன்றியவை. முதல் படி என்று நாம் நினைத்தது அந்தப் படிக்கட்டைச் சேர்ந்ததே அல்ல; பக்கத்து வீட்டு வாசற்படி.

இதற்கான தடயம் முன்பே கண்முன் இருந்தது. அமெரிக்காவின் லூயிவில் விலங்குக் காட்சிசாலையில் தெல்மா என்ற மலைப்பாம்பு, ஆண் துணையே இல்லாமல் இட்ட முட்டைகளிலிருந்து 2012இல் ஆறு குட்டிகள் வெளிவந்தன. ஆறும் பெண். தெல்மா நம் செம்பனைத் தோட்டங்களில் எலி பிடித்துத் திரியும் அதே வலைக்கோட்டு மலைப்பாம்பு இனம்.

இதனோடு கொமோடோ உடும்பை ஒப்பிடுங்கள். இங்கிலாந்தின் செஸ்டர் காட்சிசாலையில் ஃபுளோரா என்ற கொமோடோ உடும்பும், இலண்டன் காட்சிசாலையில் இன்னொன்றும் தந்தையின்றிக் கரு உருவாக்கியதை 2006 டிசம்பரில் ஆய்வறிக்கை ஒன்று அறிவித்தது. இலண்டன் உடும்பின் பெயர் ‘சுங்கை’. நம் ஊர்ப் பெயரில் பாதியை அங்கே ஓர் உடும்பு சுமந்திருந்தது! தந்தையில்லாமல் பிறக்கும் கொமோடோ குஞ்சுகள் ஆணாகவே இருக்கின்றன.

ஏன் இந்த வேறுபாடு? தந்தையின்றிக் கரு உருவாகும்போது, முட்டை தன்னிடமுள்ள குரோமோசோம்களையே இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. உடும்புத் தாயிடம் இருப்பது இசட்டும் டபிள்யூவும். இரட்டித்தால் இசட் இசட், அல்லது டபிள்யூ டபிள்யூ. தேய்ந்துபோன டபிள்யூ இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு கரு பிழைக்காது. ஆகவே எஞ்சுவது மகன்கள் மட்டும். மலைப்பாம்புத் தாயிடம் இருப்பது எக்ஸ் எக்ஸ். இரட்டித்தாலும் எக்ஸ் எக்ஸ்தான். ஆகவே மகள்கள் மட்டும். பாம்புகள் எல்லாம் இசட் டபிள்யூ என்று நம்பியவர்கள், இம்மாதிரிப் பெண் குட்டிகளைப் பார்த்தபோது டபிள்யூ டபிள்யூவாக இருந்தும் பிழைத்தனவோ என்று வியந்தார்கள். வியப்புக்குத் தேவையே இல்லை. அடிப்படை நம்பிக்கைதான் தவறு.

ஓனோ சொன்ன தேய்மானம் பொய்யாகிவிடவில்லை. சாரை, நாகம், கட்டுவிரியன், விரியன் ஆகியவை அடங்கிய பெரும்பிரிவில் டபிள்யூ தேய்ந்திருப்பது உறுதியாகியுள்ளது. காசி ஆய்வாளர்கள் கண்ட நேர வேறுபாடும் நிற்கிறது. மாறியது, எல்லாப் பாம்புகளும் ஒரே படிக்கட்டில் ஏறுகின்றன என்ற எண்ணம் மட்டுமே. இளம் ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எல்லாருக்கும் தெரிந்த செய்தியைத்தான் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

சுவரில் ஒரு பெரும் கலகம்

இப்போது பாட்டியின் பல்லிக்கு வருவோம். உடும்புக் குடும்பம் இசட் டபிள்யூவை நெடுங்காலமாகக் கைவிடாமல் வைத்திருக்கிறது. இகுவானாக் கூட்டத்தைச் சேர்ந்த பல்லிகள் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேலாக எக்ஸ் ஒய் முறையை வைத்துள்ளன. நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லியின் பெருங்குடும்பம் அப்படிப்பட்டதல்ல. அதில் எக்ஸ் ஒய் உள்ள இனங்கள் உண்டு. இசட் டபிள்யூ உள்ளவை உண்டு. பால் குரோமோசோமே இல்லாமல் வெப்பத்தால் முடிவாகும் இனங்களும் உண்டு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இக்குடும்பத்தின் வரலாற்றில் இம்முறைகள் 17 முதல் 25 முறை மாறியிருக்க வேண்டும் என்று கணக்கிட்டது.

ஆணே இல்லாத பல்லியினமும் நம் நாட்டில் வாழ்கிறது. கடலோர வட்டாரங்களில் காணப்படும் ஒரு சிறு பல்லியினத்தில் ஏறக்குறைய எல்லாமே பெண்கள். தாய் தன்னைப் போன்ற மகள்களையே ஈனுகிறது. அந்தக் குடும்பத்தில் "மூணாவதும் பொட்டப் புள்ளதானா?" என்று கேட்க ஆளிருக்காது.

வெயில் எழுதும் விதி

1966இல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் மதலேன் ஷார்னியே என்ற பெண் ஆய்வாளர், ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்லியின் முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துப் பார்த்தார். குறைந்த வெப்பத்தில் வைத்தவற்றில் பெரும்பாலும் பெண் குஞ்சுகளும், கூடிய வெப்பத்தில் வைத்தவற்றில் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளும் வந்தன. குரோமோசோமின் வேலையை வெப்பம் செய்தது. அப்போது அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. பின்னர் ஆமைகளிலும் முதலைகளிலும் இதே உண்மை தெரியவந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சிறந்த சான்று உண்டு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் முதலானோர் நிறுவிய முதலைப் பண்ணை உள்ளது. அங்கே ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், விட்டேக்கர் ஆகிய மூவரும் சதுப்பு முதலையின் முட்டைகளைச் சோதித்து 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரை வைத்த முட்டைகளிலிருந்து வந்தவை அனைத்தும் பெண். 32.5 பாகையில் அனைத்தும் ஆண். இடைப்பட்ட வெப்பத்திலும் 33 பாகையிலும் இரண்டும் கலந்து வந்தன. ஒன்றரைப் பாகை வேறுபாடு ஒரு கூட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடுகிறது.

வெப்பம் எப்படி மரபணுவோடு பேசுகிறது? கடைகளில் விற்கும் சிவப்புக் காது ஆமையை வைத்து 2018இல் இதற்கு ஒரு விடை கிடைத்தது. குளிர்ந்த முட்டையில் ஒரு மரபணு விழித்தெழுந்து, ஆண்மையைத் தொடக்கும் இன்னொரு மரபணுவின் பூட்டைத் திறக்கிறது. அந்த முதல் மரபணுவின் வேலையை ஆய்வாளர்கள் அடக்கியபோது, ஆணாக வேண்டிய கருக்களில் பெரும்பாலானவை பெண்ணாயின. ஆக, ஆணையும் பெண்ணையும் உருவாக்கும் கருவிகள் எல்லா முதுகெலும்பிகளிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கருவியை முடுக்கும் விசைதான் இனத்துக்கு இனம் மாறுகிறது. ஒன்றில் ஒய், ஒன்றில் டபிள்யூ, இன்னொன்றில் மணலின் சூடு.

ஒரே தலைமுறையில் தொலைந்த குரோமோசோம்

விசை மாறுவதை நேரில் காண முடியுமா? ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான் அதையும் காட்டிவிட்டது. அதற்கு இசட் டபிள்யூ முறை உண்டு. ஆனால் முட்டை 32 பாகைக்கு மேல் சூடேறினால், குரோமோசோம்படி ஆணாக வேண்டிய இசட் இசட் கருக்களும் பெண்ணாக மாறத் தொடங்குகின்றன. இது 2007இல் ஆய்வுக்கூடத்தில் தெரியவந்தது. 2015இல் வெளிவந்த ஆய்வு, இயற்கைச் சூழலிலும் அப்படிப்பட்ட பெண் ஓணான்கள் இருப்பதைக் காட்டியது.

அந்தப் பெண், சாதாரண ஆணோடு சேர்ந்தால் என்ன ஆகும்? தாயும் இசட் இசட், தந்தையும் இசட் இசட். குஞ்சுகளிடம் டபிள்யூ என்பதே இல்லை. அவற்றின் பால் இனி வெப்பத்தால் மட்டுமே முடிவாகும். கோடி ஆண்டுகள் எடுத்து உருவான ஒரு முறை ஒரே தலைமுறையில் கழன்று விழுகிறது. பல்லிக் குடும்பத்தில் 17 முதல் 25 மாற்றங்கள் எப்படி நிகழ்ந்திருக்கும் என்பதற்கு இது ஒரு வழிகாட்டி.

ரந்தாவ் அபாங்கின் பாடம்

இவையெல்லாம் ஏதோ வெளிநாட்டு ஓணானின் கதை என்று விட்டுவிட வேண்டாம். திரங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரை ஒரு காலத்தில் பேராமைகளால் உலகப் புகழ் பெற்றிருந்தது. தோல் போன்ற முதுகுடைய அந்தப் பேராமைகள் 1956இல் அங்கே 10,000க்கும் மேற்பட்ட கூடுகளில் முட்டையிட்டன. 1990களின் நடுவில் அந்த எண்ணிக்கை 40க்கும் கீழே இறங்கியது. முட்டைகளை எடுத்து விற்றுத் தின்றதும், கடலில் மீன்வலைகளில் ஆமைகள் சிக்கி மடிந்ததும் முதன்மைக் காரணங்கள்.

காப்பாற்றும் முயற்சியும் நடந்தது. முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பாதுகாப்பான வேலிக்குள் மணலில் புதைத்துப் பொரிக்க வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் கடலாமைகளில் சுமார் 29 பாகைக்கு மேல் சூடு ஏறினால் பெண் குஞ்சுகளே மிகும் என்பது அத்திட்டம் தொடங்கியபோது உலகில் யாருக்கும் தெரியாது. ரந்தாவ் அபாங்கின் பொரிப்பகத்தில் வந்த குஞ்சுகளில் பெரும்பாலானவை பெண்ணே என்று சான் எங் ஹெங், லியூ ஹாக் சார்க் ஆகிய மலேசிய ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. காப்பாற்ற நீட்டிய கையே ஆணில்லாத தலைமுறையை உருவாக்கிக்கொண்டிருந்தது.

இன்று பொரிப்பகம் தேவையில்லை, பூமியே சூடேறுகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பச்சை ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு அறிவித்தது. ஒய்யோ டபிள்யூவோ உள்ள உயிருக்கு வெயில் கூடினாலும் ஆண் பெண் கணக்கு பெரும்பாலும் குலையாது. அது இல்லாத ஆமைக்கும் முதலைக்கும் மணலே குரோமோசோம். கூட்டின் மேல் நிழல் பந்தல் போடுவது, ஆழமாகப் புதைப்பது என்ற எளிய வழிகளால் மணலைக் குளிர்விக்கலாம். அதற்கு முதலில் இந்த அறிவு வேண்டும்.

முடிவுரை

தோட்டத்தைச் சுற்றி வந்துவிட்டோம். ஆண் பெண் என்ற வேறுபாடு பழையது. அதை முடிவு செய்யும் விசை அடிக்கடி மாறுவது. ஒரு சாதாரண குரோமோசோமில் ஒரு வரி நுழைகிறது, பரிமாற்றம் நிற்கிறது, பிரதி தேய்கிறது, சில வேளைகளில் வெப்பம் அதைத் தூக்கியெறிகிறது, பிறகு வேறொரு குரோமோசோமில் கதை புதிதாகத் தொடங்குகிறது. மனிதனின் ஒய்யும் இந்த நீண்ட கதையில் ஓர் அத்தியாயம்தான்.

கடந்த தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். உடும்புக்குத் தாய் முடிவு செய்கிறது, ஆமைக்கு மணல் முடிவு செய்கிறது, மனிதருக்குத் தந்தையின் அணு முடிவு செய்கிறது, அதுவும் அவர் அறியாமலே என்றேன். அம்மா முறுக்குப் பிழிவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இத அப்பவே யாராச்சும் வந்து ஒங்க பாட்டிகிட்ட சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

பாட்டி இப்போது இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் பல வீடுகளில் கேட்கப்படுகிறது; பதில் சொல்லாத பெண்களும் இருக்கிறார்கள். அறிவியல் படிக்கும் தமிழ் மாணவர்களே, நீங்கள் கற்றதை ஆங்கிலத்திலும் மலாயிலும் தேர்வுத்தாளில் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் புரியும் தமிழில் அதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சுவரில் பல்லி கத்தினால் அதையே சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்.